இரண்டு விரல் படகு

டீச்சர் தன் இரு கைகளையும் தொடைக்கடியில் போட்டு அமுக்கிக்கொண்டுதான் உட்காருவார். புதிதாகப் பார்ப்பவர்கள் குளிரோ, மூட்டுவலியோ என்று நினைப்பார்கள். "கை சும்மா இருக்காதுங்க, அதான் ஜெயில்ல போட்டிருக்கேன்" என்பார்.

முன்னால் கட்டில் அகலத்துக்கு ஒரு தொடுதிரை மேசை. திரையில் ஒரு படகு. மேசையின் இரு முனைகளிலும் ஆளுக்கொரு வட்டம். இரண்டிலும் ஒரே நேரத்தில் விரல் இருந்தால்தான் படகு நகரும். ஒரு குழந்தையின் கை இரண்டுக்கும் எட்டாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள், தங்களோடு இருக்கும் பிள்ளையைத் தேடட்டும் என்றுதான் இந்த விளையாட்டு.

முதல் வருஷம் படகு ஜோராக ஓடியது. டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீடியோவைப் போட்டுப் பார்த்தால், வட்டத்தில் இருந்த விரல்களில் பாதி அவருடையவை! பிள்ளைகள் கரண்டியை எடுப்பதுபோல் அவர் கையை எடுத்து வைத்திருக்கிறார்கள். அவரும் தாராளமாகக் கொடுத்திருக்கிறார். "நானும் மேசையும்தான் சிநேகமாயிருக்கோம், பிள்ளைங்க இல்ல" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ரெட்டைச் சடைக்காரிக்கு ஏழு வயது. பத்து மாதமாக, எதிர்முனையில் நிற்கும் பையனை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவனும் லேசுப்பட்டவனில்லை, ஒரு கையில் பொம்மைப் பஸ், உயிரே போனாலும் விடமாட்டான். இந்த வெள்ளிக்குள் ஒருமுறையாவது சேர்ந்து விளையாடாவிட்டால் பள்ளிக்கூடத்தில் அவளைத் தனி வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். "இன்னிக்காவது நடக்குமா டீச்சர்?" என்று அவள் அம்மா தினமும் வாசலில் நின்று கேட்பார்.

வெள்ளிக்கிழமை சடைக்காரி டீச்சரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர் கைக்கு இன்னிக்கு லீவு, செல்லம்."

மறுபடி இழுத்தாள். சிணுங்கினாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். ஒரு விரல் கொடுத்தால் போதும், காகிதத்தில் தேறிவிடுவாள். டீச்சர் தொடைக்கடியில் இருந்த கைகளை இன்னும் அழுத்திக்கொண்டார்.

சடைக்காரி எழுந்தாள். மேசையைச் சுற்றிப் போய், பையனின் பஸ் இல்லாத கையைப் பிடித்து வட்டத்தில் வைத்தாள். "வை" என்றாள். ஓடிவந்து தன் விரலை வைப்பதற்குள் அவன் கையை எடுத்துவிட்டான். திரும்பப் போனாள், திரும்ப வைத்தாள், "வை." மூன்றாம் முறை அவன் அவளையே பார்த்தபடி கையை எடுக்காமல் நின்றான். படகு நகர்ந்தது.

வாசலில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் எழுந்தார், ஓசைப்படாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரோரம் போட்டு, மேசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.