விமானம் வரைந்த துணி

என் அலுமாரியின் மேல்தட்டில், கூறைச் சேலைக்கு அடியில், ஒரு குழந்தைச் சட்டை இருக்கிறது. வெள்ளை நிறம். கழுத்தில் பொத்தானுக்குப் பதிலாக ஒரு நாடா. கடையில் வாங்கியதல்ல என்பது பார்த்த உடனேயே தெரியும். ஒரு கை மற்றக் கையைவிட அரை விரல் நீளம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதுகுப் பக்கத்தில் மெல்லிய கோடு ஒன்று வளைந்து போகும். எத்தனை முறை தோய்த்தும் அது போகவில்லை. அமெரிக்கர்கள் இரண்டாம் உலக யுத்த காலத்தில் கட்டிப் பார்த்த ஒரு போர் விமானத்தின் இறக்கை அது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதனால் நானும் இப்போது சொல்வதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது, சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பார்ட்மென்டுக்குள் மூன்று குடும்பங்கள் இருந்தோம். நான் பிள்ளைத்தாச்சி என்று தெரிந்ததும் கணவர் பார்க்டேலில் ஒரு பழைய வீட்டின் பேஸ்மென்டை வாடகைக்குப் பிடித்தார். அவர் கோப்பை கழுவிய உணவகத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். மேலே வீட்டுக்கார அம்மா தனியே இருந்தார். கணவனை இழந்தவர், நெடுத்த மெலிந்த உருவம், கறாரான வாய். நான் வெங்காயம் வதக்கத் தொடங்கினால் மேலே யன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் சத்தம் கேட்கும். "உவ மூக்காலதான் வீட்டைக் காவல் காக்கிறா" என்று கணவர் சிரிப்பார். குளிர் தொடங்கினாலும் அந்த அம்மா ஹீற்றரைக் கூட்டமாட்டார். ஸ்வெற்றர் ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டுப் போவார்.

அவர் பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் பஃபலோவில். நாங்களும் பஃபலோவால் வந்தவர்கள்தான். கனடா எங்களை உள்ளே எடுக்கும்வரை அங்கே ஒரு தேவாலய மண்டபத்தில் படுத்திருந்தோம். அதைச் சொன்னதும் வீட்டுக்கார அம்மாவின் முகம் மாறிவிட்டது. என்னை மேலே கூப்பிட்டுத் தேநீர் தந்தார். அன்றுதான் அவருடைய சுவரில் தொங்கிய அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தேன். கண்ணாடிச் சட்டத்துக்குள் வெளிறிய நீலத்தில் ஒரு துணி. அதில் கறுப்பு மையால், மயிரிழை போன்ற கோடுகளில், ஒரு விமானத்தின் இறக்கை.

அமெரிக்கா யுத்தத்துக்குள் இறங்குவதற்கு முன்பே, பள்ளிக்கூடம் முடித்த கையோடு, அவர் ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பொறியாளர்கள் காகிதத்தில் பென்சிலால் வரைந்து தருவார்கள். கஞ்சி போட்டு அழுத்திய அந்த நீலத் துணியை அதன்மேல் விரித்து, மையால் பிரதி எடுப்பது பெண்களின் வேலை. அவருடைய பகுதிக்கு வந்தவை சாதாரண விமானங்கள் அல்ல. இன்னும் பிறக்காதவை, பரீட்சைக்கென்று ஒன்றோ இரண்டோ மட்டும் கட்டிப் பார்க்கிற மாதிரிப் போர் விமானங்கள். பெயருக்கு முன்னால் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும். அவருடைய விமானத்துக்கு விசிறி மூக்கில் இல்லை, வாற்பக்கத்தில். முதலில் அதை முழு அளவில் மரத்திலேயே செய்தார்களாம். விமானி அதற்குள் ஏறி இருந்து, கை எட்டுகிறதா, கண்ணுக்குப் பாதை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வார். அவர் ஒன்று சொன்னால் பெண்கள் பத்துத் துணியை மறுபடி வரையவேண்டும். யுத்தம் வருமுன் இதெல்லாம் ஆறுதலாக, அவசரமில்லாமல் நடந்தது. வந்தபின் இரவும் பகலும் வேலை. பக்கத்து மேசைப் பெண் வரைபலகையிலேயே தலை சாய்த்துத் தூங்கி, கன்னத்தில் மையாய்ப் பதிந்த ஒரு சக்கரத்தோடு எழும்பினாளாம்.

அது முதன்முதல் பறந்த நாளில் பெண்கள் எல்லோரும் கம்பி வேலிக்கு ஓடினார்கள். "நான் போட்ட கோடு மேலே போனது" என்று சொல்லும்போது அவர் தன் கையைத்தான் பார்த்தார். ஆனால் விமானம் திரும்பும்போது நிலைகுலைந்தது. வாலைத் திருத்தினார்கள், இறக்கையை நீட்டினார்கள், திரும்பத் திரும்ப வரைந்தார்கள். அதற்குள் வேறு விமானங்கள் நல்ல பெயர் எடுத்துவிட, இராணுவம் இது வேண்டாம் என்றது. வரைந்த துணிகளைக் குப்பையில் போடச் சொன்னார்கள். துணிக்குத் தட்டுப்பாடான காலம். பெண்கள் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுடுநீரில் ஊறவைத்தார்கள். கஞ்சியோடு நீலமும் மையும் கழன்று போக, பட்டுப்போன்ற வெள்ளைப் பருத்தி மிஞ்சும். அதில் கைக்குட்டையும் பிளவுஸும் தைத்தார்கள். இவர் மட்டும் ஒரு துணியை நனைக்காமல் வைத்துக்கொண்டார். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அந்த விமானத்தைப் பற்றிப் பேசினால் அவருக்குக் குரல் இறங்கிவிடும். பிள்ளை இல்லாதவர். அதை அவர் ஒரு பிள்ளையைப்போல நினைத்திருந்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

எனக்கு அந்தப் படத்தின் பக்கம் முகம் கொடுத்து இருக்க முடியவில்லை. நான் விமானத்தைக் கீழேயிருந்து மட்டும் அறிந்தவள். யாழ்ப்பாணத்தில் குண்டு போடப் பொம்மர் வந்த ஒரு காலையில், வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடி, அதன் வாசலில் விழுந்து, என் முதல் பிள்ளையை வயிற்றிலேயே இழந்தேன். அவர் சொல்வதைக் கேட்டு விளங்க முடிந்ததே தவிர, இதை அவருக்குச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன்.

செப்டெம்பர் தொடக்கத்து நீண்ட வார இறுதியில் ஏரிக்கரையில் விமானக் கண்காட்சி நடக்கும் என்பது ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. அன்று எனக்கு ஆறாம் மாதம். பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா தொப்பியும் தூரக்கண்ணாடியுமாகக் கதிரையில் இருந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தார். வருடம் முழுவதும் அவர் காத்திருக்கும் நாள் அது. திடீரென்று கூரைகளுக்கு மேலால் அந்தச் சத்தம் கிழித்துக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். "பொம்மர்! ஓடி வாங்கோ! படுங்கோ, படுங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டே பேஸ்மென்ட் படிகளால் அவரை இறக்கி, உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்குக் கீழே தள்ளினேன். எனக்குக் குப்புறப் படுக்க முடியாது. ஒருக்களித்து, முழங்காலை வயிற்றுக்குக் காவலாக மடக்கி, அவருக்குப் பக்கத்தில் கிடந்தேன். இது வெறும் வேடிக்கைதான் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னாராம். என் காதில் விழவில்லை. அடுத்த விமானம் வந்தபோது யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சிமெந்துத் தரையில் கன்னத்தை வைத்தபடி, அவர் தன் மெலிந்த கையை என் வயிற்றின்மேல் வைத்துப் பொத்திக்கொண்டார். சத்தமெல்லாம் ஓயும்வரை அவர் அந்தக் கையை எடுக்கவில்லை.

அன்று பின்னேரம் எனக்கு அடிவயிறு வலித்தது. இந்தப் பிள்ளையும் போகப்போகிறது என்றே நினைத்தேன். வீட்டுக்கார அம்மாதான் ரக்ஸி பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கணவர் ஈரக் கையோடு வேலையிலிருந்து ஓடிவந்தார். "இஞ்சரும், ஒண்டும் நடக்காது, அழாதையும்" என்று எனக்குச் சொல்லிக்கொண்டு அவர் அழுதார். பிறகு எங்களுடைய முதல் பிள்ளையின் கதையைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் வீட்டுக்கார அம்மாவுக்குச் சொன்னார். பிள்ளையின் இதயத் துடிப்பை டாக்டர் எங்களுக்குக் கேட்கவைத்தபோது, வீட்டுக்கார அம்மா எழும்பிப்போய் யன்னலோரம் நின்றார்.

மகள் மார்கழிக் குளிரில் பிறந்தாள். வீட்டுக்கார அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தோடு பேஸ்மென்டுக்கு இறங்கிவந்தார். உள்ளே இந்தச் சட்டை. மயிரிழைக் கோடு போட்ட கைக்குத் தையல் வரவில்லை, பாவம். துணி எதுவென்று எனக்குப் புரியவில்லை. தேநீருக்கு மேலே போனபோது, சுவரில் படம் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. ஐம்பது வருடம் ஊறிய மையில் ஒரு கோடு மட்டும் சுடுநீருக்கும் போகவில்லையாம். அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "அந்த விமானத்தை எடுக்காமல் விட்டார்களே என்று இவ்வளவு காலமும் வருத்தப்பட்டேன். எடுத்திருந்தால் அது யாருடைய வீட்டுக்கு மேலால் போயிருக்கும் என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. உன்னோடு கீழே படுத்தபோதுதான் யோசித்தேன்." பிறகு வழக்கம்போல முகத்தைச் சுளித்து, கீழே என்ன கருகுகிறது என்று கேட்டார்.

சில வருடங்களில் அவர் வீட்டை விற்றுவிட்டு மேற்கே தங்கையிடம் போனார். நத்தார் வாழ்த்து அட்டைகள் வந்துகொண்டிருந்தன; பிறகு நின்றுபோயின. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெங்காய மணமும் அழுகையும் ஒன்றாக வரும்.

நாங்கள் இப்போது ஸ்ரௌவ்வில்லில் இருக்கிறோம். கண்காட்சி விமானங்களின் சத்தம் இவ்வளவு தூரம் வராது. மகள் ஒஷாவாவில் இருக்கிறாள். அவளுக்கும் இது ஆறாம் மாதம். போன கிழமை போனில் கேட்டாள்: "அம்மா, அந்த எயார்பிளேன் சட்டை இன்னும் இருக்கோ? பேபிக்கு அதுதான் ஃபர்ஸ்ட் போடவேணும்."

"பழசு பிள்ளை. நான் புதுசு வாங்கித் தாறன்."

"நோ அம்மா. அதுதான் வேணும்."

சட்டையை எடுத்துச் சுடுநீரில் தோய்த்து, பின்வளவுக் கொடியில் போட்டிருக்கிறேன். வெயிலில் அந்தக் கோடு நன்றாகத் தெரிகிறது. அந்த விமானத்துக்குப் பயந்து இதுவரை ஒருவரும் நிலத்தில் படுத்ததில்லை.