ரோஸ் நிறச் சிம்னி

முந்திரி என்றதும் பாயசத்தில் நெய்யோடு மிதக்கும் பருப்பை நினைத்துக்கொள்ளாதீர்கள். பண்ருட்டிப் பக்கம் வரும் வாசனை வேறு. கொட்டையைத் தோலோடு வறுக்கும்போது தோலில் இருக்கும் எண்ணெய் கசிந்து புகையும். அந்தப் புகை தொண்டையைக் கரகரவென்று பிடித்துக்கொள்ளும். போன வாரம் புதுச்சேரியிலிருந்து நெய்வேலிக்குத் திரும்பும்போது பேருந்து ஜன்னல் வழியாக அந்த நெடி ஏறி வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் ஆழமாக மூச்சை இழுத்தேன்.

பக்கத்தில் என் மகள் நிவேதா. பத்து வயது. கண் பரிசோதனைக்காக மருந்து விட்டிருந்ததால், வெளிச்சம் கூசாமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புப் பிளாஸ்டிக் தாளைத் தன் மூக்குக் கண்ணாடிக்கு மேல் மாட்டிக்கொண்டு ரகசியப் போலீஸ் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"எப்பா, நாத்தம் தாங்கல. நீ என்னமோ மல்லிப்பூவ மோந்து பாக்குற மாதிரி பாக்குற?"

அன்று எனக்கு எந்த நெடியும் மணத்திருக்கும். அதற்குக் காரணம் உண்டு, ஆனால் சுற்றிக்கொண்டுதான் அங்கே போக முடியும். அவளிடம், "இது என்னோட மொத கண்ணாடி வாசனைடி" என்று மட்டும் சொன்னேன். கண்ணில் மருந்து இருக்கும்போது போனைப் பார்த்தால் எழுத்தெல்லாம் கலங்கும். வேறு வழியில்லாததால் என் கதையைக் கேட்கச் சம்மதித்தாள்.

என் அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து நெய்வேலி நிலக்கரிச் சுரங்க வேலைக்கு வந்தவர். மண் வெட்டும் ராட்சத மிஷினில் ஆபரேட்டர். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் நின்றால் மரங்களுக்கு மேலே பழைய அனல்மின் நிலையத்தின் சிம்னிகள் தெரியும். அவை ரோஸ் நிறம். அடர்த்தியான ரோஸ் இல்லை, பென்சில் ரப்பரின் நிறம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருந்தேன். பக்கத்தில் இருப்பவற்றுக்கு ஓரம் இருக்கும், தள்ளி இருப்பவை கரைந்திருக்கும். உலகத்தின் ஏற்பாடே அதுதான் என்று நம்பியிருந்தேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அம்மா ஓடி வந்துவிடுவாள். "கசக்காத, கசக்காத! கரித்தூசி விழுந்துருக்கும்." எங்கள் ஊரில் எல்லாக் குற்றத்தையும் தூசியின் தலையில்தான் போடுவோம். இருமினால் தூசி. வேட்டி பழுப்பேறினால் தூசி. மகன் தெருமுனையில் வரும் மாமாவை அடையாளம் தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் தூசிதான். பன்னீரை உள்ளங்கையில் ஊற்றி என் கண்ணைக் கழுவிவிடுவாள். குளுகுளுவென்று இருக்கும். தூசி இல்லை என்று எனக்கும் சொல்ல மனசு வராது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து சைக்கிள்கள் கூட்டமாக வரும். எல்லாம் ஒரே நிறச் சட்டை. அந்தக் கலங்கலுக்குள் என் அப்பாவை எப்படிக் கண்டுபிடிப்பேன் தெரியுமா? காதால். கேரியரில் கட்டிய காலி டிபன் பாக்ஸ் ஒரு விதமாக லொடலொடக்கும். கிரிக்கெட்டிலும் அதே கதைதான். பந்து எங்கே வருகிறது என்று தெரியாது. மட்டையில் பட்ட சத்தத்தைக் கேட்டு, குத்துமதிப்பாக ஓடுவேன். பாதி நேரம் எதிர்த் திசையில். அதனால் பிளாக் முழுக்க எனக்கு 'ரேடியோ' என்று பெயர். கேட்க மட்டும்தான் முடியும், பார்க்க முடியாது என்று அர்த்தம்.

நான் ஐந்தாவது படிக்கும்போது, ஓவிய வகுப்பில் 'நமது ஊர்' வரையச் சொன்னார்கள். சிம்னிகளுக்கு ரோஸ் அடித்துக் கொண்டுபோய் நீட்டினேன்.

"ஏண்டா, சிம்னி என்ன பஞ்சு மிட்டாயா?"

"ரோஸ்தான் சார்."

வகுப்பு சிரித்தது. சார் என்னை ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். "இப்ப பாத்துச் சொல்லு." பார்த்தேன். "ரோஸ் சார்." பின்னாலிருந்து எல்லோரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "செவப்பு வெள்ள சார்! பட்ட பட்டயா இருக்கு சார்!" சார் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். அன்று மாலையே அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த வார ஓய்வு நாளில் அப்பா என்னைப் பண்ருட்டிக்குக் கூட்டிப்போனார். கண்ணாடிக் கடையின் பின்புறத்தில் எங்கோ கொட்டை வறுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் இருமிக்கொண்டேதான் எழுத்துப் பலகையைப் படித்தேன். கண்ணாடி தயாரானபின் இன்னொரு நாள் போய் மாட்டிக்கொண்டு பேருந்தில் திரும்பினோம். ஊர் எல்லையில் சிம்னி தெரிந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. எனக்குக் கோபம்தான் வந்தது. யாரோ என்னைக் கேட்காமல் பெயின்ட் அடித்துவிட்ட மாதிரி இருந்தது.

"கண்ணாடி போட்டவன மிஷின்ல ஏத்த மாட்டாங்கடா" என்றார் அப்பா. பிறகு என் கண்ணாடியை நிமிர்த்திவிட்டு, "சரி, படிச்சுப் பொழச்சுக்க" என்றார். அப்படித்தான் நான் ஆபீஸ் நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன்.

'ரேடியோ' போய் 'சோடாபுட்டி' வந்தது. வருடா வருடம் பவர் ஏறியது. யாரும் பயப்படவில்லை. கால்சட்டை குட்டையானால் புதிது தைப்பதில்லையா, அந்த மாதிரி ஒவ்வொரு ஜூனிலும் தடிமனாக ஒரு கண்ணாடி. வளர்கிற பையன், கண்ணும் வளர்கிறது என்று நினைத்தோம். பாருங்கள், அது அச்சு அசலான உண்மை என்பது நாற்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு காலை, ஆபீஸில் இடது கண்ணுக்குள் கரிப்பொடி தூவினாற்போல் புள்ளிகள் பறந்தன. நான் என்ன செய்தேன்? அம்மாவின் பிள்ளையாக, குழாயடிக்குப் போய்க் கண்ணைக் கழுவினேன். தூசி! கழுவக் கழுவப் புள்ளிகள் கூடின. கண்ணின் ஓரத்தில் யாரோ வெல்டிங் வைப்பது போல வெளிச்சம் வெட்டியது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. நல்லவேளையாக மனைவி கௌரி அன்றே என்னைப் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"விழித்திரை கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டரம்மா. "பவர் ஏற ஏறக் கண்ணு முழியே நீளமாகுதுங்க. பலூன ஊதினா ரப்பர் மெலிசாகும்ல, அது மாதிரி. இன்னும் லேட்டா வந்திருந்தா பார்வை போயிருக்கும்." லேசர் வைத்து ஒட்டினார். கண் தப்பியது. நான் கும்பிட்டுவிட்டு எழுந்தபோது, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்: "வீட்ல கொழந்தைங்க இருக்காங்களா? கண்ணாடி போட்டிருக்காங்களா?"

நிவேதா இரண்டாம் வகுப்பிலிருந்து போடுகிறாள். ஒவ்வொரு முறையும் ஏறிக்கொண்டிருந்தது. அதையும் நான் கால்சட்டைக் கணக்கில்தான் வைத்திருந்தேன். அந்த நிமிடம் வந்த பயம் இன்னும் முழுதாக விடவில்லை. இப்போதும் சுவரில் ஏதாவது வெளிச்சம் மினுங்கினால், முதலில் ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

அவளையும் கூட்டிப்போனோம். "வந்த பவரக் குறைக்க முடியாது. ஏறுற வேகத்தக் குறைக்கலாம்" என்றார் டாக்டரம்மா. தினமும் படுக்கும்முன் ஒரு சொட்டு மருந்து. கண்ணாடியைக் கழற்றக் கூடாது. படிக்கும்போது இடையிடையே தூரத்தில் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பகல் வெளிச்சத்தில், வெளியே, தினம் இரண்டு மணி நேரம்.

"நான் நாள் முழுக்க வெயில்லதான் கெடந்தேன் மேடம். எனக்கு மட்டும் ஏன் வந்துச்சு?"

"வெயில்ல கெடக்காம இருந்திருந்தா இன்னும் ஏறியிருக்கலாம், யாரு கண்டா? ரத்தத்துலயும் வரும் சார். உங்க பங்க நீங்க குடுத்துட்டீங்க. மிச்சத்த நாம பாப்போம்."

சொந்தக்காரர்கள் கேரட்டும் பொன்னாங்கண்ணியும் சொன்னார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பழக்கச் சொன்னார்கள். கீரையைத் தின்றோம், கண்ணாடியைக் கழற்றவில்லை. சொட்டு மருந்து கூடச் சுலபமாகப் போயிற்று. கஷ்டம் அந்த இரண்டு மணி நேரம்தான். சாயங்காலம் கீழே இறங்கினால் பிளாக் தெருவில் ஒரு குஞ்சு குளுவான் இல்லை. எல்லாம் டியூஷனில், இல்லாவிட்டால் போனில். தண்டனை பெற்றவள் மாதிரி நிவேதா புங்கமரத்தடியில் நிற்பாள். காவலுக்கு நான்.

பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா சேத்தியாத்தோப்புக்காரர். மாடியில் துணி எடுத்துக்கொண்டே குரல் கொடுப்பார்: "ஏன் தம்பி, பொட்டப்புள்ளய இப்படி வெயில்ல நிறுத்தி வெச்சிகினு இருக்க? கருவாடா போடப்போற? கறுத்துப்பூடும்ப்பா!"

"கண்ணுக்கு நல்லதுங்கக்கா."

"கண்ணு இருந்து இன்னா பண்றது, மாப்ள கெடைக்க வாணாமா?"

ஒருநாள் வேறு வழி தெரியாமல் ஒரு ரப்பர் பந்தை வாங்கிக்கொண்டு இறங்கினேன். நிவேதா எறிந்தாள். இரண்டு கையையும் விரித்து நின்றேன். பந்து நெஞ்சில் பட்டு விழுந்தது. இன்னொரு முறை எறிந்தாள். நான் தாவிய பக்கத்தில் பந்து இல்லை. மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்திருந்த பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எப்பா, உனக்கு ஒண்ணுமே வராதா?" மாடியில் செல்வி அக்காவும் சிரித்தார். "தம்பி, பந்து அந்தாண்ட போவுது, நீ இந்தாண்ட போற!"

மறுநாள் நான் கூப்பிடவே இல்லை. அவளே பந்தோடு வந்து நின்றாள். என்னைத் தோற்கடிப்பது அவ்வளவு ருசியாக இருந்திருக்கிறது. சிறுவயதில் நான் கூனிக் குறுகிய ஒன்று, என் மகளை வெயிலுக்கு இழுத்துக்கொண்டு வந்தது. மருந்துச் சீட்டில் இதையெல்லாம் எழுத மாட்டார்கள். சத்தம் கேட்டு மேல் வீட்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன, பிறகு இறங்கின. ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர் பிளாக்கிலிருந்தும் வந்தார்கள். செல்வி அக்காவே தன் பேரனைக் கொண்டுவந்து விட்டார். "கறுத்தா கறுத்துட்டுப் போறான். வூட்ல ஒக்காந்துகினு போன நோண்டிகினே கெடக்கான், பாடாவதி." கொஞ்ச நாளில் ஆள் கூடியதும் என்னை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையிலிருந்தும் நீங்கியதில்லை.

போன வாரம் பரிசோதனை. டாக்டரம்மா லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டார். கண் விழியின் நீளத்தை இயந்திரத்தில் அளந்தார். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஏறல."

"கொஞ்சம்கூடவா மேடம்?"

"அதே பவர்தான் சார். இதே கண்ணாடியே போதும். இன்னும் சில வருஷம் விடாமப் பண்ணணும், ஆனா இந்த வருஷம் நீங்க ஜெயிச்சிட்டீங்க." பிறகு நிவேதாவைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா வெயில்ல ஆடியிருக்கேன்னு உன் மூஞ்சியே சொல்லுது."

வெளியே வந்து கௌரிக்குப் போன் செய்தேன். "எவ்ளோ?" என்றாள். "அதேதான்" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி. "சரி, சாப்டாளா?" என்றாள். பரிசோதனைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். முந்திரி நெடி எனக்கு மட்டும் மல்லிப்பூவாக மணத்த காரணம் இதுதான்.

கதை முடிந்தபோது ஊர் வந்துவிட்டது. வெயில் தாழ்ந்திருந்ததால் நிவேதா கறுப்புத் தாளைக் கழற்றி எறிந்தாள். நிறுத்தத்திலிருந்து நடந்தோம். நான் பிறந்த குவார்ட்டர்ஸ் இருந்த தெருமுனை வந்ததும் நின்றாள்.

"எங்கேப்பா அந்த ரோஸ் சிம்னி? நானும் பாக்கணும்."

மரங்களுக்கு மேலே கையை நீட்டினேன். பழைய அனல்மின் நிலையத்தை நிறுத்தி, சிம்னிகளையும் இடித்தாயிற்று. ஷிப்ட் விட்டால் இப்போது மோட்டார் சைக்கிள்கள்தான். கேரியரில் லொடலொடக்கும் டிபன் பாக்ஸ் கிடையாது. அவள் என் விரல் போன திசையில், கண்ணைக் கொஞ்சமும் சுருக்காமல், நெடுநேரம் பார்த்தாள்.

"அங்க ஒண்ணுமில்லையேப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லு. ஒண்ணுமில்லன்னு தெளிவாத் தெரியுதா?"

"தெளிவாத் தெரியுது" என்றாள்.