ரைமாலி விட்ட வழி

பனி காயாத புல் ஒன்றைக் கிள்ளி, அதன் நுனியை மின்வேலிக் கம்பியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள் ரைமாலி பாசுமதாரி. விரலில் சுருக்கென்று ஏறினால் சரி. அடுத்த மூங்கில் கம்பத்துக்கு நடப்பாள். யானை ஆராய்ச்சிக்காரர்கள் கொடுத்த மின்மானி இடுப்பில் சும்மா தொங்கும். "அது பேட்டரி இருக்கிறவரைக்கும்தான் உண்மை பேசும்" என்பாள்.

நெல் கதிர்விட்டதும் இருபத்திரண்டு வீட்டாரும் சேர்ந்து கட்டி, அறுத்ததும் கழற்றிவிடும் சூரியசக்தி வேலி அது. காவல் அவள் பொறுப்பு. யானை என்று சொல்லமாட்டாள்; "பெரியவங்க." லத்தி உருண்டையைக் கண்டால் உட்கார்ந்து நாடாவால் அளப்பாள், பிய்த்து உள்ளே இருக்கும் உமி எந்த ரக நெல் என்று பார்ப்பாள். "ஜோகேஸ்வர் அண்ணன் வயல்லதான் விருந்து" என்று அறிவிப்பாள். அடுத்த வயல்காரரான ஜோகேஸ்வருக்குச் சிரிப்பு வராது.

நோட்டில், பார்த்த இடத்தோடு, பெரியவற்றுக்கு வட்டம், குட்டிக்குப் புள்ளி. ஆறு வருட வட்டங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர் தபன், ஆற்றிலிருந்து பூட்டான் மலையடிக் காட்டுக்கு யானைக் கூட்டம் ஒரே தடத்தில்தான் போகிறது, அதை அடைப்பதால்தான் வேலியை உடைக்கிறது என்றார். தடத்தை யார் விடுவது? ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். தடம் தன் வயலோரம்தான் என்று ரைமாலி எழுந்தாள். நாற்பதடி அகலத்துக்கு அந்த வருடம் அவள் நடவே செய்யவில்லை; கதிர்விட்டதும் கட்டிய வேலியையும் அங்கே திறந்தே விட்டாள்.

"வாசலைத் திறந்து விருந்துக்கா கூப்பிடுற?" என்றார் ஜோகேஸ்வர். தண்ணீர்க் குழாயடியிலும் அதே பேச்சு. புருஷன்கூட இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது, விடிந்தும் விடியாமல் கூட்டம் வந்தது. பதினேழு. நேராக ஜோகேஸ்வரின் வயலுக்கு எதிரே, வேலியை ஒட்டி நின்றது. மூத்த பெண்யானை துதிக்கையை உயர்த்தி மோப்பம் பிடித்தது. ஜோகேஸ்வர் வெடியைப் பற்றவைக்கக் குனிந்தார். ரைமாலி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வெடிச்சா சிதறி ஊருக்குள்ள வந்துருவாங்கண்ணே. கொஞ்சம் பொறு."

மூத்தது ஒரு காலை எடுத்து வைத்தது. பின்வாங்கியது. கம்பியை ஒட்டியே நடந்து, திறந்திருந்த இடத்தில் நின்று யோசித்துவிட்டு உள்ளே இறங்கியது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் போயின. கடைசிக் குட்டி மட்டும் ரைமாலியின் வயலோரத்தில் ஒரு பிடி கதிரை இழுத்து வாயில் போட்டுக்கொண்டு ஓடியது.

ஜோகேஸ்வர் வெடியை மண்ணில் போட்டார்.

"போயிருச்சும்மா," என்றார் மெதுவாக. "இப்பவாவது கையை விடு."

ரைமாலி குனிந்து பார்த்தாள். பிறகு, அவர் மணிக்கட்டில் இறுகிக் கிடந்த தன் விரல்களை இன்னொரு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.