கேட்டிருக்கக் கூடாத அனுமதி

ஒரு மனு பெறப்பட்டால் மூன்று நாள்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்துக்குள் இறுதிப் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்பதையாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அரசு அலுவலகங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இந்த விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். என் தங்கை கொடுத்த ஒரு பக்க மனுவுக்கு மட்டும் இது ஏன் பொருந்தவில்லை என்பதைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை.

தங்கையின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களும் நண்பர்களும், இங்கே அமைதியான வார்த்தைகளை எதிர்பார்க்கலாம். மன்னிக்க வேண்டும். அவை என்னிடம் கையிருப்பில் இல்லை.

தங்கை பிறந்தது பொன்னமராவதிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்தில். என்னைவிட ஆறு வயது இளையவர். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வோடு அவருடைய படிப்பு நின்றது. அம்மா படுக்கையில் விழுந்தார்கள். வீட்டைப் பார்க்க ஆள் தேவைப்பட்டது. நான் கல்லூரியில் இருந்தேன். என்னை யாரும் நிற்கச் சொல்லவில்லை; நிற்கிறேன் என்று நானும் சொல்லவில்லை. ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்த அன்றைக்கு மனு தேவைப்படவில்லை, மேலதிகாரியின் கையொப்பம் தேவைப்படவில்லை. ஒரே மாலையில் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு சிற்றூரில் வாழ்க்கைப்பட்டார். கணவரை இழந்த பிறகு, ஊர்ப் பள்ளியின் சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளரானார். காய் நறுக்குவது, அரிசி களைவது, முட்டை உரிப்பது, அண்டா தேய்ப்பது ஆகியவை அவர் பணி. அந்தச் சம்பளத்தில் ஒரே மகளைப் பட்டம் வரை படிக்க வைத்தார். மையத்தின் அமைப்பாளர் பணியிடம் காலியானபோது, பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் பதவி உயர்வுக்கு வழி உண்டு என்று அறிந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து இரண்டு. தனித்தேர்வராக எழுதுவது என்று முடிவு செய்தார்.

அவருக்குப் படிப்பில் தணியாத ஆர்வம் இருந்தது என்று எழுதினால் இந்தப் பக்கம் அழகாக இருக்கும். ஆனால் அது பொய். தங்கைக்குப் படிக்கப் பிடிக்கவில்லை. அறிவியல் செய்முறை வகுப்பில் பேத்தி வயதுப் பெண்களுக்கு நடுவே நின்றது கூச்சமாக இருந்தது. கணிதப் புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வந்தது. முதல் முறை கணிதத்தில் தோற்றார். இரண்டாம் முறையும் தோற்றார்.

"இன்னைக்குப் படிக்கலையாம்மா? மூடு இல்லையா?" என்று மகள் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன்.

"மூடெல்லாம் சட்டியத்தான்டி மூடுவாக. எனக்கு என்னைக்கு இருந்துச்சு, இன்னைக்கு இல்லாமப் போக? அந்தப் பொஸ்தகத்த எடுத்தா இங்கிட்டு."

அவர் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. காலையில் உலை வைத்துத் தண்ணீர் கொதிக்கும் வரை ஒரே ஒரு கணக்கு. முட்டை உரிக்கும்போது சமூக அறிவியலில் ஒரு கேள்வி. சாம்பார் நாளில் பருப்பு வேக நேரமாகும் என்பதால் அன்றைக்கு அறிவியல்; தக்காளி சாத நாளில் தமிழ். சூத்திரங்களை அடுப்படிச் சுவரில் கரியால் எழுதி வைத்தார். காய்ச்சல் அடித்தாலும் அந்த ஒரு கணக்கு உண்டு. உற்சாகமாக இருந்தாலும் ஒரு கணக்குதான்.

"நல்லா ஓடுற அன்னைக்கு நாலஞ்சு சேத்துப் போடலாமே, புள்ள?" என்றேன்.

"வேணாண்ணே. இன்னைக்குச் சேத்துப் போட்டா நாளைக்கு வேணாம்னு தோணும். பத்து நாளுச் சோத்த இன்னைக்கே ஆக்கி வைக்கவா முடியும்? எனக்குப் புடிக்கலங்கறதுக்காக நூத்தம்பது புள்ளைகளப் பட்டினி போட்டேனா? அது மாதிரிதான் இதுவும்."

மூன்றாம் முறை தேறினார். கணிதத்தில் நாற்பத்து ஒன்று. அந்த எண்ணை என்னிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, "அண்டா தேய்க்கணும், வக்கிறேன்" என்றார்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். முதல் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் முன்பே தங்கை என்னிடம் கேட்டார்: "ஆபீஸ்ல யாருகிட்டயும் சொல்லணுமாண்ணே? நான் பாட்டுக்கு எழுதிட்டு வந்துரவா?" அரசு ஊழியர் தேர்வு எழுத முன் அனுமதி பெறும் நடைமுறை என் மூளையில் ஊறியிருந்தது. சத்துணவு உதவியாளருக்கு அது பொருந்துமா என்று நான் பார்க்கவில்லை. கேட்டு வைத்தால் பாதுகாப்பு என்றேன். மனுவை நானே எழுதினேன்: பெறுநர், பொருள், பார்வை எல்லாம் வைத்து. அத்தனை ஆண்டுகளில் நான் தயாரித்த மிகத் திருத்தமான மனு அதுதான். தங்கை கையெழுத்திட்டுக் கொடுத்து வந்தார். ஒப்புகை வரவில்லை.

தேறிய பிறகு மதிப்பெண் சான்றைப் பணிப்பதிவேட்டில் பதியக் கேட்டு இருவரும் போனோம். எந்த அலுவலகம் என்று இங்கே எழுதப் போவதில்லை. பிரிவு எழுத்தர் கோப்பைப் புரட்டினார்.

"நீங்க பெர்மிஷன் கேட்டு லெட்டர் குடுத்துருக்கீங்கம்மா. அது பெண்டிங்ல இருக்கு. அது முடியாம இத எப்படிங்க ஏத்துறது?"

"எழுதிப் பாஸே பண்ணிட்டேங்க. இனிமே நான் எழுதலாமா வேணாமான்னா முடிவு பண்ணப் போறீங்க?"

"அது சரிம்மா. ஆனா ஒங்கள யாரு கேக்கச் சொன்னா? கேக்காம எழுதியிருந்தா இந்நேரம் ஏத்தி விட்டுருப்போம்."

மனு நகல் இருந்த கோப்புறையோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லலங்க. நானாத்தான் குடுத்தேன்."

வெளியே வந்து பேருந்துக்கு நின்றோம். அங்கேயாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

பிறகு நினைவூட்டு ஒன்று, இரண்டு, மூன்று. ஆட்சியரின் திங்கட்கிழமை மனு நாளில் ஒரு மனு. அது 'உரிய நடவடிக்கைக்காக' அதே மேசைக்குத் திரும்பிப் போனது. கோப்பு எழுத்தரிடமிருந்து மேலாளருக்கும், மேலாளரிடமிருந்து 'விவாதிக்கவும்' என்ற குறிப்போடு எழுத்தருக்கும் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குறிப்பை நானும் பணிக்காலத்தில் எழுதியிருக்கிறேன். எத்தனை கோப்புகளில், யாருடைய கோப்புகளில் என்று இப்போது நினைவில்லை. அதுவும் சேர்ந்துதான் எரிகிறது. தங்கையின் மையத்துக்கு வேறு மையத்து அமைப்பாளர் கூடுதல் பொறுப்பில் வந்து பதிவேடுகளில் கையெழுத்திட்டுப் போனார். அந்தப் பதிவேடுகளை நாள்தோறும் எழுதி வைத்தது தங்கைதான்.

சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட்டது. மருத்துவமனைக் கட்டிலில் கடைசி வாரத்தில் ஒரு பகல், "ஆபீஸ்லருந்து எதுவும் வந்துச்சாண்ணே?" என்று கேட்டார். வந்துவிடும் என்றேன். "நீ சொன்னா வரும்" என்றார். கேலியா நம்பிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை. உதவியாளராகவே அவர் காலமானார்.

உலை கொதிக்கும் நேரத்தில் தங்கைக்குப் பதிலாக அடுப்பைப் பார்த்துக்கொண்ட சமையலர் அம்மாவுக்கும், இடைவேளையில் அவருடைய அந்த ஒரு கணக்கைத் திருத்திக் கொடுத்த ஆசிரியைக்கும், மருத்துவமனையில் இரத்தம் கொடுத்த ஊர் இளைஞர்களுக்கும், இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அலுவலகத்துக்கு நன்றி சொல்ல எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மனு கொடுத்து மூன்று ஆண்டுகள் கழித்துப் பதில் வந்தது. தங்கையின் பெயருக்கு, பதிவுத் தபாலில், இரண்டே வரிகள்: 'சத்துணவு மைய உதவியாளர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முன் அனுமதி ஏதும் தேவையில்லை. எனவே தங்கள் மனு முடிவு செய்யப்படுகிறது.'

ஒப்புகை அட்டையில் பெறுநருக்காக நான் கையெழுத்திட்டேன். தேதியும் போட்டேன்: தங்கையின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை.