இந்திஸார் அக்கா கேட்கும் முதல் கேள்வி

எந்தப் புதுக் குடும்பத்தைப் பார்த்தாலும் இந்திஸார் அக்கா முதலில் கேட்பது, எத்தனை பிள்ளைகள் என்றுதான். எட்டு வருடத்தில் ஒருத்தியும் நேராகப் பதில் சொன்னதில்லை. "அல்லாஹ் புண்ணியத்துல இருக்காங்க" என்பார்கள். ஏதோ கொஞ்சம் பேர் என்பார்கள். துணிந்து ஓர் எண்ணைச் சொல்கிறவளும் ஒன்றைக் குறைத்துத்தான் சொல்வாள். பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் சூடான் பெண்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம். எனக்கும் உண்டு. ஆனால் கெய்ரோவில் எந்த விண்ணப்பத்திலும் "ஏதோ கொஞ்சம் பேர்" என்று எழுதக் கட்டம் கிடையாது.

பைசல் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காக மழலையர் பள்ளி நடத்துகிறேன். குடும்பத் தாளில் பெயர் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் ஓர் உதவிச் சங்கம் பள்ளிக் கட்டணம் கட்டும். அந்தத் தாளை வாங்கிக் கொடுப்பதுதான் இந்திஸார் அக்காவின் வேலை. அவளை யாரும் அதற்கு நியமிக்கவில்லை. சூடானில், ஓம்துர்மான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். போர் வருவதற்கு முன்பே இங்கே வந்துவிட்டாள். பை நிறைய நகல்கள், பை வாரில் நூல் கட்டித் தொங்கும் ஒரு பேனா. கடன் கொடுத்த பேனா திரும்பாது என்று கண்டுகொண்ட பிறகு கட்டிய நூல் அது. வாய் மட்டும் கட்டுக்கடங்காது. "நான் கணக்குக் கேட்டா நீங்க துஆ ஓதுறீங்க, எழுதுறவன் எதை எழுதுவான்?" என்று வரிசையில் நிற்கிற பெண்களை வறுத்தெடுப்பாள்.

கல்தூமின் விஷயத்தில் அவளுக்குப் பொறுமை அடியோடு போயிற்று. கல்தூமுக்கு நாலு பிள்ளைகள், பதிவில் மூன்றுதான். விட்டுப்போனது கடைசிப் பெண், நாலு வயது மனாஹில். என் பள்ளியில் அவளுக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன். வியாழன் மதியத்துக்குள் பெயர் ஏறாவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். பிறப்புச் சான்று கையில் இருந்தது. சங்கத்து அதிகாரி முன்னால் தாய் வாயைத் திறந்து எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும், பதிவுள்ள ஒருத்தி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு முறை கூட்டிப்போயும் கல்தூம் அதிகாரி முன்னால் ஊமையாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாள்.

வியாழன் காலை மூன்றாவது முறை. நானும் போனேன். மைக்ரோபஸ்ஸில் இந்திஸார் அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் கல்தூம் மெல்லச் சொன்னாள்: ஹல்ஃபாவில் எல்லை தாண்டும்போது நோட்டுப் புத்தகத்தோடு நின்ற ஒருவன் அவள் பிள்ளைகளை விரல் நீட்டி ஐந்து என்று உரக்க எண்ணினான். அஸ்வான் வருவதற்குள் காய்ச்சலில் ஒன்று போய்விட்டது. அதோடு திட்டுவதை விட்டுவிட்டு இந்திஸார் அக்கா பையிலிருந்த நகல்களை அடுக்க ஆரம்பித்தாள். எனக்கோ யார் மேல் எரிச்சல்படுவது என்றே தெரியவில்லை.

அதிகாரி சின்னப் பையன் மாதிரி இருப்பான்; மரியாதை தெரிந்தவன். சாட்சியை முதலில் சரிபார்க்க வேண்டும் என்றான். பெயர் கேட்டான், ஊர் கேட்டான். பிறகு, எத்தனை பிள்ளைகள் என்றான்.

"ரெண்டு" என்றாள் இந்திஸார் அக்கா, யோசிக்காமல்.

அவன் திரையைப் பார்த்துத் தலையாட்டினான். அதிலும் இரண்டுதான். கல்தூம் மெதுவாகத் திரும்பி அக்காவைப் பார்த்தாள்.

"அக்கா, அப்போ முஹன்னத் யாரு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முஹன்னத் இந்திஸார் அக்காவின் கடைக்குட்டி, கெய்ரோவில் பிறந்தவன். ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று கேட்கும்போதெல்லாம் அவனுக்கு மூச்சிரைப்பு, வீட்டிலேயே இருக்கட்டும் என்பாள். நானும் நம்பினேன். ஊர்ப் பெண்களையெல்லாம் எண்ணச் சொல்லி உயிரை வாங்கியவள், தன் பிள்ளையைத் தாளிலிருந்து ஒளித்து வைத்திருந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பேனா நூலைப் பிடித்து இழுத்திருப்பேன்.

"நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா நானும் சொல்றேன்" என்றாள் கல்தூம்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தான். மதியத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. கண் படாமலிருக்க மரத்தைத் தொடுவார்களே, அதுபோல இந்திஸார் அக்கா மேசையின் மர விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மூணு" என்றாள். "மூணு, மாஷா அல்லாஹ். எழுதிக்கோ தம்பி."

கல்தூம் கண்ணை மூடிக்கொண்டு, "நாலு" என்றாள்.

அக்காவின் தாளைத் திருத்தத் தனி டோக்கன் எடுத்து அடுத்த வாரம் வர வேண்டும், அதுவரை முதல் இரண்டு பிள்ளைகளின் பதிவே சாட்சிக்குப் போதும் என்றான் அதிகாரி. அவன் நல்லவன். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மனாஹில் என் பள்ளிக்கு வந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்டது இந்திஸார் அக்காதான். மறு கையில் முஹன்னத். அவனையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். அவனுக்கு ஏழு முடிந்துவிட்டது. ஆறு வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்று என் வாசலில் ஒட்டியிருக்கும் அறிவிப்பை நாலு வருடத்துக்கு முன்னால் எழுதித் தந்ததே அவள்தான்.