மாமா இல்லாத நத்தார்ப் பாட்டு

அப்பாவும் மாமாவும் பிடிவாதக்காரர்கள் என்று ஊரே சொல்லும். அவர்கள் இருவரையும் விழுங்கக்கூடிய ஒருத்தி பதினொரு வயதில் எங்கள் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மன்னாரில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அப்பா வயலின் வாசிப்பார். பக்கத்து ஊரான தாழ்வுபாட்டில் இருந்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கிற்றார் வாசிப்பார். சீமைக்குத் திரும்பிய துரையொருவர் விட்டுப்போன இசைத்தட்டில் ஒரு ஜாஸ் பாட்டு இருந்தது. கிறிஸ்து பிறந்தநாளான நத்தாரன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் இருவரும் சேர்ந்து அதை வாசித்தால்தான் எங்களுக்கு நத்தார்.

அந்த வருடம் கோயில் திருநாளன்று, எங்கள் வீட்டில் விருந்தாளிகளுக்கு முன்னால் வாசிக்கும்போது, "உனக்குத் தாளம் ஓடுது" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"அப்ப உங்கட வயலினை நீங்களே தனிய வாசியுங்கோ அத்தான்" என்று கிற்றாரைக் கதிரையில் வைத்துவிட்டுப் போன மாமா, பிறகு எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. ஆள் விட்டுக் கேட்டும் அம்மா கிற்றாரைக் கொடுக்கவில்லை. "அவனே வந்து எடுக்கட்டும்" என்றுவிட்டார்.

மார்கழி பிறந்ததும், நத்தார்ப் பாட்டுக்கு என்ன செய்வது என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் பயறு வறுத்துக்கொண்டிருந்தார்.

"கிற்றார் இல்லாமல் அப்பா வயலினைத் தொடமாட்டார். பாட்டு வேணுமெண்டால் தம்பியைப் போய்க் கூப்பிடத்தானே வேணும். போவார், இருந்து பார்."

அம்மா சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கோ அது பெரிய சிக்கலாகப் பட்டது. நானே தீர்த்துவைப்பதென்று முடிவெடுத்தேன்.

மாமாவைப் பார்த்துப் பழகிய நாலைந்து கிற்றார்ப் பிடிகள் எனக்குத் தெரியும். அவருடைய பெருவிரல் தடித்த தந்திகளில் நடக்கும் நடையையும், அப்பாவின் வயலின் மெட்டையும் ஒரே கிற்றாரில் வாசிக்க வேண்டும். அம்மா செபமாலைக்குப் போகும் பின்னேரங்களில், அப்பா வேலை முடிந்து கந்தோரால் வருமுன் பழகினேன். மெட்டைப் பிடித்தால் அடிச் சுரம் விட்டுப்போகும். அடியைப் பிடித்தால் சின்னவிரல் மெட்டுக்கு எட்டாது. சனியன் பிடித்த சின்னவிரல்! ஆத்திரத்தில் அழுதேன், ஆனால் விடவில்லை. கடைசியில் பாட்டையே வேறு சுருதிக்கு மாற்றினேன். அடிச் சுரங்கள் விரல் வைக்காமலே வெறுந்தந்தியில் விழுந்தன. மாமா ஆறு தந்தியிலும் அடிப்பதை இரண்டாகக் குறைத்தேன். எதை விடலாமென்று தெரிந்தபின் பாட்டு கைக்குள் வந்துவிட்டது.

நத்தார்ப் பூசை முடிந்து வந்த அப்பா பூசைக்குப் போட்ட சேட்டைக் கழற்றவில்லை. சைக்கிளை எடுத்துத் துடைத்துக்கொண்டு வாசற் படலையடியில் நின்றார்.

"எங்க அப்பா போறியள்?"

"தாழ்வுபாட்டுக்கு ஒருக்காப் போட்டு வாறன். பாட்டுக்கு ஆள் வேணுமே."

அம்மா கையில் அகப்பையோடு குசினி வாசலுக்கு வந்து நின்றார்.

"ஆள் வேண்டாம் அப்பா. நானே முழுக்க வாசிப்பன்!"

முற்றத்திலேயே வாசித்தேன். ஒரு சுரம் பிசகவில்லை. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "என்ர ராசாத்தி! இனி ஒருத்தற்ற காலிலயும் விழத் தேவையில்லை" என்று சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டுச் சேட்டைக் கழற்றினார்.

மத்தியானம் வந்த எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டதற்கு ஒரு "நல்லாயிருக்கு" கூடவா வராது? என் வாசிப்பு அவருக்கு இன்னும் போதவில்லை என்று முடிவுகட்டினேன். அவர் வாய் திறந்து புகழும்வரை விடுவதில்லையென்று, மாமா தேவைப்படாத இரண்டாவது பாட்டை அடுத்த நாளே தொடங்கினேன்.