தங்கச்சி பேசிய கூட்டம்

மைக்செட்டுக்காரருக்குக் கட்சியில் தனி மரியாதை உண்டு. கட்சி எதிர்வரிசையில் இருந்த காலத்தில், கூட்டத்துக்கு நடுவே போலீஸ் வந்து ஒயரைப் பிடுங்கியது. "பேசறதுக்குக்கூடவா உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணும்?" என்று ஆம்ப்ளிஃபயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார் மனிதர். அடி விழுந்ததில் முன்பல் ஒன்று போனது. அந்தப் பல்லைப் பற்றிப் பேசாத மேடை கிடையாது. அவரும் லேசுப்பட்டவரா? நாலு பேர் கூடினால் உதட்டைத் தூக்கிக் காட்டிவிடுவார்.

பிறகு கட்சி ஜெயித்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதை ஆரம்பமானது. நேற்றுவரை எதிர்த்துப் பேசினால் உரிமை. இன்று எவனாவது வாயைத் திறந்தால் அவன் கைக்கூலி. மைக்செட்டுக்காரரும் அப்படி வாயைத் திறந்தவனையெல்லாம் கைக்கூலி என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அவருக்கு ஒரே தங்கை, ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. புருஷன் இல்லை, பிள்ளைகள் இரண்டு. வார்டில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பத்திரிகைக்காரரிடம் சொல்லிவிட்டாள். மறுநாளே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

மந்திரி வரும் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் குறை சொல்லலாம் என்று அறிவித்திருந்தார்கள். செட்டு அண்ணனுடையது.

"நேர்லயே கேட்டுடறேண்ணே. அவர் ஒரு வார்த்தை சொன்னா திரும்ப எடுத்துக்குவாங்க."

"பயப்படாம பேசும்மா. நான் இருக்கேன்ல" என்றார்.

அவள் மைக்கைப் பிடித்து, "ஐயா, நான் பொய் சொல்லல, தண்ணி வரலன்னுதான் சொன்னேன்" என்று ஆரம்பித்ததுமே, கிளைத் தலைவர் மைக்செட்டுக்காரரின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

"அது என் தங்கச்சிங்க."

"தெரியும்ணே, அதான் உங்ககிட்ட சொல்றேன். வேற ஆளுன்னா பட்டுனு ஆஃப் பண்ணிடுவான், ஜனங்க கத்தும். நீங்கன்னா பக்குவமா செய்வீங்க."

அந்தப் பக்குவம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். குடித்துவிட்டு மேடையேறுகிறவனுக்குச் செய்வது. ஒரேயடியாக நிறுத்தாமல் பொடிப்பொடியாக வால்யூமைக் குறைத்தால், பேசுகிறவன் தன் தொண்டைதான் கட்டிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடத்தான் செய்தது. ஆனாலும் அரசாங்கக் கூட்டமெல்லாம் கைநழுவிப் போய்விடுமே என்கிற பயத்தில், கை தன் வேலையைப் பார்த்தது.

அவள் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது. "சாப்பிட்டு வந்து பேசும்மா!" என்று பின்னாலிருந்து ஒருவன் கூவ, கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் குனிந்து, நன்றாக இருந்த ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தம்மாவை எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அடுத்து யாரு?" என்றார் மந்திரி. அவ்வளவுதான், முடிந்தது.

தலைவர் முதுகில் தட்டிவிட்டுப் போனார். மைக்செட்டுக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சீ, நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டு, செட்டைக்கூட இறக்காமல் நேரே தங்கை வீட்டுக்குப் போனார். உள்ளதைச் சொல்லி, அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானம்.

அவள் அடுப்படியில் உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"உன் மானத்த வாங்கிட்டேண்ணே. அவ்வளவு நல்ல செட்டு வச்சுக் குடுத்தும் எனக்குப் பேசத் தெரியல. தங்கச்சிக்கு மைக் பிடிக்கக்கூடத் தெரியலன்னு உன்னைத்தானே சிரிச்சிருப்பாங்க?"

அவர் அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தள்ளிப் பிடிச்சிட்டம்மா" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுப்புமேல் கிடந்த கரண்டியை எடுத்து வாய்க்கு நேராகப் பிடித்து, "இப்படியாண்ணே?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றார் அவர்.